பத்துக்கு எத்தனை

பச்சைத் திரையை அந்தப் பையன் சர்ரென்று இழுத்து மூடியதும் தவமணி அந்தப் பக்கம் போய்விட்டாள், சுருளிச்சாமி இந்தப் பக்கம் ஆகிவிட்டான். நடுவில் இருப்பது ஒரு துணி. ஃபேன் காற்றுக்கே ஒதுங்குகிற துணி. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு ஏன் இப்படிக் காந்துகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய்தான், நன்றாகவே தெரிகிறது. ஆனால் ஐம்பத்துநாலு வயசில், மகளைக் கட்டிக்கொடுத்து மருமகன் எடுத்த பிறகு, பொண்டாட்டியின் தோள்பட்டையில் மிஷின் வைக்கிற பையனைப் பார்த்து வயிறெரிகிறது என்று எவனிடம் போய்ச் சொல்வது? தேனி பஸ் ஸ்டாண்டே கைகொட்டிச் சிரிக்காதா? தப்பாக அவன் ஒன்றும் நினைக்கவில்லை. வீரபாண்டி மாரியம்மன் மேல் சத்தியமாக நினைக்கவில்லை. பையன் அவளை அம்மா என்கிறான், அவள் அவனைத் தம்பி என்கிறாள், ஒத்தாசைக்கு ஒரு பெண்பிள்ளை கூடவே நிற்கிறது. ஜெபின் என்று பேர், நாகர்கோயில் பக்கத்துப் பையன், பிசியோதெரபி படித்தவன், மீசைகூட இன்னும் ஒழுங்காக அடரவில்லை. அவன்மேல் என்ன கோபம்? ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். இன்றோடு போதும் தம்பி, சித்திரை பொறந்தாச்சு, திருவிழா சீசன், எனக்குத் தலைக்கு மேல வேலை, கூட்டிட்டு வர ஆள் இல்ல. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அவன் கூட்டி வராவிட்டால் தவமணி வர முடியாது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க அவள் கை எழும்பாது. பாதியில் விட்டால் தோள் இறுகிப்போகும், அப்புறம் ஜென்மத்துக்கும் கை மேலே போகாது என்று பையன் முதல் நாளே சொன்னான். சொன்னால் சொல்லட்டும். டாக்டர்மார் எதைத்தான் அப்படிச் சொல்லாமல் விட்டார்கள்? இறுகாது. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தால் போகிறது. இருந்தாலும் அந்த ஜென்மத்துக்கும் என்ற வார்த்தை செருப்புக்குள் கிடக்கிற கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

உள்ளே ஸ்விட்ச் போட்ட சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அதுதான் அவனால் பொறுக்க முடியாதது. இதற்குப் பேர் சத்த வைத்தியமாம். சவுண்ட் வேவ் அய்யா, தோலுக்குள்ள போயி தசையில வேலை செய்யும், காதுக்குக் கேக்காது என்றான் பையன். கேட்காத சத்தத்துக்குப் பேர் சத்தமா? யாரிடம் வந்து யார் சொல்கிறது! அவன் முப்பது வருசமாகச் சத்தத்தில் சோறு தின்கிறவன். தவமணி சவுண்ட் சர்வீஸ், போடி ரோடு. அவள் பேரைத்தான் அத்தனை பாக்ஸிலும் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எழவு வீடு, எதற்கும் அவன்தான். அவன் குழாய் கட்டினால் மூன்று ஊர் எழும்பும். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, கரகரப்பு இருக்கிறதா என்று இடது காதை அதன் வாய்க்குள் கொடுத்துக் கேட்பான். கேட்டுக் கேட்டு அந்தக் காது பாதி போனது, அது வேறு கதை. அப்பேர்ப்பட்டவன் முதல் நாள் இதே திரைக்கு உள்ளே நின்றுகொண்டுதான் இருந்தான். டார்ச் லைட் மாதிரி ஒரு கைப்பிடி, நுனியில் வழவழவென்று ஒரு தகடு, அவள் தோளில் கஞ்சிப் பசை மாதிரி ஜெல்லைத் தடவி, அந்தத் தகட்டை வைத்து வட்டம் வட்டமாகச் சுற்றினான் பையன். நிறுத்தாமல் சுற்றினான். ஒரே இடத்தில் நிறுத்தினால் சுட்டுவிடுமாம். சுருளிச்சாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொழில் பாசத்தில், தம்பி வால்யூம் எத்தனைல வச்சிருக்க, ஒண்ணும் கேக்கலயே, கூட்டி வையேன் என்று கேட்டான். எப்போதும் போலக் கொஞ்சம் உரக்கத்தான் கேட்டிருப்பான் போலிருக்கிறது. ஒத்தாசைக்கு நின்ற பெண் சிரித்தாள், பையன் சிரித்தான், சரி, சின்னஞ்சிறுசுகள். தவமணியும் சிரித்தாள். நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கட்டில் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமிருக்கும்? அந்தச் சிரிப்பு அவனைப் பார்த்து வந்ததுதான், ஆனால் அவனுக்கு வரவில்லை. அன்றையிலிருந்து அவன் வெளியே, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்.

அதையும்கூட விட்டுத்தள்ளலாம். அந்த எண்ணிக்கைதான் அவனைக் கொல்கிறது. பத்துக்கு எத்தனைம்மா? பையன் தினமும் கேட்பான். வலியே இல்லன்னா சைபர், உயிர் போற வலின்னா பத்து, இப்ப எத்தனை சொல்லுங்க. தவமணி முதல் நாள் வழக்கம்போல, ஒண்ணுமில்ல தம்பி, பரவால்ல என்றாள். பையன் விடவில்லை. ஒண்ணுமில்ல, பரவால்ல, இந்த ரெண்டும் இங்க செல்லாதும்மா, நம்பர்தான் வேணும் என்றான். அவள் கொஞ்சம் யோசித்து, எட்டு என்றாள். எட்டு! சுருளிச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்துக்கு எட்டு. அந்த எட்டை வைத்துக்கொண்டா இவள் அன்று காலையில் ஆட்டுரலைக் கழுவினாள், இட்லி ஊற்றினாள், அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்? என்னடி செய்யுது என்று கேட்டால் ஒண்ணுமில்ல. முகம் வாடியிருக்கே என்றால் ஒண்ணுமில்ல. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாளே, அப்போதும் ஒண்ணுமில்ல, நீங்க போயி சாப்பிட்டு வாங்க. அவள் அப்பன் செத்து முப்பதாம் நாள் காரியம் கழித்து ஊர் திரும்பும்போது பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒண்ணுமில்ல. இருபத்தாறு வருசமாக அவனுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தை. நேற்று முளைத்த பையன் கேட்டதும் எட்டு. அடுத்த வாரம் ஏழு என்று பையனே வெளியே வந்து சொன்னான். அதற்கப்புறம் ஒருநாள் ஆறரை என்றாளாம். அரை! அரை வலி தெரிகிற அளவுக்கு அந்தப் பையனுக்குக் கணக்குச் சொல்கிறாள். சுருளிச்சாமியும் எண்ணத் தெரிந்தவன்தானே? எத்தனை ஆயிரம் மேடையில் ஹலோ மைக் டெஸ்ட்டிங் ஒன் டூ த்ரீ சொல்லியிருப்பான்? அந்த ஒன் டூ த்ரீக்குப் பதில் சொன்ன ஆள் இதுவரை எவனாவது உண்டா? இந்தப் பையன் கேட்டால் மட்டும் பதில் வருகிறது, ஆறரை என்று வருகிறது, புழுங்கரிசி வாங்கப் போன மாதிரி. பொறாமைதான். ஆமாம், பொறாமைதான், இப்போது என்ன? வலி அவளுடையது, அவள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பாள். ஆனால் முதலில் கட்டினவனுக்கு இல்லையா கொடுக்கணும்?

அந்தக் கையே எட்டு ஒன்பது மாசமாக அவனை விட்டுப் போன கைதான். டி.வி.எஸ். வண்டியில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்ததும் வலது கையைத் தூக்கி அவன் தோளில் வைத்துக்கொள்வாள், கல்யாணமான புதுசிலிருந்து வழக்கம், சைக்கிள் காலத்திலிருந்தே வழக்கம். போன ஆடியிலோ ஆவணியிலோ அந்தக் கை நின்றுபோனது. சீட்டுக்கடியில் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள்? ஒண்ணுமில்ல. அவனாக நினைத்துக்கொண்டான், வயசாச்சு, வெட்கப்படுகிறாள். அப்புறம் நினைத்தான், என்மேல் வியர்வை நாறுகிறதோ. அதற்கும் அப்புறம், ராத்திரி தூக்கம் வராத நேரத்தில், கெட்ட கெட்டதாக நினைத்தான். நினைப்பு அப்படித்தான், மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் வாய்க்கு முன்னால் நீட்டின மாதிரி, தன் சத்தத்தைத் தானே கேட்டு, கேட்டதையே திரும்பக் கத்தி, கடைசியில் ஊய்ய்யென்று ஊளையிடும், காதைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். இப்போதும் ஊளையிடுகிறது. உள்ளே தவமணி சிரிக்கிறாள். சிரித்தாளா, முனகினாளா? இந்தப் பாழாய்ப்போன இடது காது. நாற்காலி போட்டிருக்கிற வாக்கில் திரை இருப்பது இடது பக்கம், அந்தப் பக்கத்துக் காதுக்கு எல்லாமே தண்ணீருக்கடியில் பேசுகிற மாதிரிதான். அவன் நாற்காலியைத் தூக்கினான். மெல்லத்தான் தூக்கினான், ஆனால் கால் தரையில் உரசியிருக்க வேண்டும், ஏனென்றால் துண்டு எடுக்க வெளியே வந்த ஒத்தாசைப் பெண் நின்று பார்த்தது. என்னங்கய்யா, உள்ள வந்து உக்காருங்களேன் என்றது. அட, ஃபேன் காத்து இங்கிட்டுத்தாம்மா நல்லா வருது என்றான். ஃபேன் அந்தக் கோடியில் சுற்றிக்கொண்டிருந்தது. பெண் ஃபேனைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மானம் கப்பலேறினால் ஏறட்டும். நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, வலது காதைத் திரைக்குக் கொடுத்து உட்கார்ந்தான்.

இப்போ கேட்டது. இங்கயா என்று பையன். இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ, ஆங், அங்கதான் தம்பி. அவள் குரல்தானா இது? இவ்வளவு சின்னதாக, வெண்ணெய் மாதிரி, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல். வீட்டில் அவள் பேசினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்திருக்கும். இந்தக் குரலை அவன் கேட்டிருக்கிறானா? கேட்டிருக்கிறான். ரொம்ப முன்னால். கல்யாணமான வருசம், அப்போது குடியிருந்த பெரியகுளம் வீட்டில், விளக்கை அணைத்த பிறகு. அப்புறம் அது எங்கே போனது? யார் எடுத்துக்கொண்டு போனது? பையன் கேட்கிறான், ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியுதாம்மா இப்ப? முன்னாடிக் கொக்கி மாட்டுறேன் தம்பி, கைய உள்ள விடத்தான் இன்னும் சிரமம். அதுக்குத்தான ஆறு மாசமா நைட்டியே கதின்னு கெடந்தேன். இவரு ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நாளும் பொழுதுமா நைட்டியப் போட்டுக்கிட்டுத் திரியிறியேன்னு கத்துனாரு. சேலை கட்டத்தான் எனக்கும் ஆசை. சுருளிச்சாமிக்குக் காது சுட்டது. கத்தினான்தான். முடியை வாரிச் சடை போடாமல் சும்மா கொண்டை சுருட்டிக்கொண்டு திரிகிறாளே, மினுக்குகிறாள் என்று வேறு நினைத்தான். சீப்பு தலைக்கு எட்டவில்லை. அவ்வளவுதான் சங்கதி. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அந்தக் கையும் அவன் தோளுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான், அதற்கா அவன் ராத்திரியெல்லாம் படுத்துப் புரண்டான்! சந்தோசப்பட வேண்டும். சந்தோசம் வரவில்லை. இதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறதே. சீப்பு, கொக்கி, வெள்ளிக்கிழமை, எல்லாம். ஊருக்கெல்லாம் குழாய் கட்டிக் கொடுத்தவனுக்குத் தன் வீட்டுச் சேதி திரைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுத் தெரிய வேண்டியிருக்கிறது. இன்றோடு போதும். நிச்சயம் போதும். எழுந்திருக்கப் போனவனைப் பையனின் அடுத்த கேள்வி பிடித்து உட்கார வைத்தது. ஏம்மா, இத்தனையும் அய்யாகிட்டச் சொல்லலயா?

தகடு ஜெல்லில் சுற்றுகிற சளக் சளக் மட்டும் கேட்டது. நிறுத்தாமல் சுற்றடா தம்பி, நிறுத்தினால் சுட்டுவிடும். அப்புறம் அவள் சிரித்தாள், அந்தக் கட்டில் குலுங்குகிற சிரிப்பு இல்லை, மூக்கால் விடுகிற மூச்சு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் தம்பி. எதுன்னாலும் கத்தித்தான் சொல்லணும். சோறு ஆறுதுன்னு கத்தலாம். கேஸ் தீந்துபோச்சு, பொண்ணு போன் பண்ணுச்சு, மேல மோட்டாரப் போடுங்க, எல்லாம் கத்திப்புடலாம். தோளு வலிக்குது, பெரண்டு படுக்க முடியலன்னு கத்த முடியுமா? தெருவுக்கே கேட்டுப்போகும்ல. ஒரு வாட்டி மெல்லச் சொன்னேன், ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு. என்னதுன்னு கேட்டாரு. திரும்பச் சொன்னேன். என்னது, என்னதுன்னாரு. ஒண்ணுமில்லன்னு கத்திட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். தங்கமான மனுசன்தான். எம்பேரத்தான் எல்லாப் பெட்டியிலயும் எழுதி வச்சிருக்காரு. அவ்வளவுதான் சொன்னாள். பையன் ஏதோ சொன்னான், அது காதில் ஏறவில்லை, நல்ல காதிலும்கூட ஏறவில்லை. சுருளிச்சாமி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த ராத்திரி எது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. என்னது என்று அவன் தினமும் நூறு தடவை கேட்கிறான், அதில் எந்த என்னது அது? செவிடன் காதில் ஊதின சங்கு என்று ஊரில் எத்தனை பேரை அவன் கேலி பண்ணியிருக்கிறான். இருபத்தாறு வருசத்தில் எத்தனை ஒண்ணுமில்ல, அதில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் மெல்ல ஒன்றைச் சொல்லித்தான் இருப்பாளோ? சொல்லியிருந்தால் அதெல்லாம் எங்கே போய்க் கிடக்கிறது? தலையணையில் இருக்குமா? அந்தப் பையனுக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கிறது. அதுதான். மிஷினும் இல்லை, படிப்பும் இல்லை, வயசும் இல்லை. அவனிடம் இருப்பது இரண்டு நல்ல காது, வேறொன்றும் இல்லை. அந்தக் காதுகளைப் பிடித்துத் திருக வேண்டும் போல ஒரு ஆத்திரம் வந்தது, வந்த வேகத்திலேயே, பாவம் அவன் என்ன செய்வான் என்றும் இருந்தது. ஆனாலும் வயிற்றெரிச்சல் குறைந்தபாடில்லை. கூடத்தான் செய்தது.

மிஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. திரை விலகியது. தவமணி கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். முந்தானை. இன்றைக்குச் சேலை கட்டியிருக்கிறாள், காலையில் வண்டியில் ஏறும்போதுகூட அவன் அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்ட நாற்காலியில் அவன் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள், அவன் காதைப் பார்த்தாள். பையன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அய்யா, அம்மாவுக்கு இப்ப நல்லா வருது, இன்னும் கொஞ்ச நாள் விடாம வரணும், இப்ப விட்டா மறுபடி இறுகிக்கும். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது நாக்கு நுனியில் வந்து நின்றது. தம்பி, சித்திரை பொறந்தாச்சு என்று ஆரம்பித்தும் விட்டான். தவமணி செருப்பைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டாள். என்னங்கய்யா? என்றான் பையன். சித்திரை பொறந்தாச்சு, வெயிலு தாங்கல, சாயங்காலமா வரலாமான்னு கேட்டேன் என்றான் சுருளிச்சாமி. எப்ப வேணாலும் வாங்கய்யா, இன்னொண்ணு, வீட்லயும் பயிற்சி செய்யணும், நீங்கதான் பிடிக்கணும் என்று பையன் தவமணியின் முழங்கையை ஒரு கையிலும் மணிக்கட்டை இன்னொரு கையிலும் ஏந்தி மெல்ல மெல்ல மேலே கொண்டுபோய்க் காட்டினான். போகப் போக எத்தனைன்னு கேட்டுக்கிட்டே போகணும், அம்மா ஆறுன்னு சொன்னா அங்கயே நிறுத்திடணும், தாண்டக் கூடாது. சரியா? சரி என்றான். அவள் ஆறு என்று மெல்லச் சொல்லி, எனக்குக் கேட்காமல், நான் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டே போனால்? இதை அவன் கேட்கவில்லை. பையன் கையிலிருந்து அவள் கை இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான், எரிச்சலோடுதான் நின்றான்.

கீழே பேக்கரி வாசலில் வண்டியை எடுத்தான். பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின, எதிர்த்த செல்போன் கடையில் பாட்டு, ட்ரெபிள் கூடிப்போய்க் காதைக் கிழித்தது, வேறு நாளாக இருந்தால் இறங்கிப் போய்த் திருகிவிட்டு வந்திருப்பான். தவமணி ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தாள். அவன் வண்டியைக் கிளப்பவில்லை. கழுத்தை ஒடிகிற அளவுக்குத் திருப்பி, வலது காதை அவள் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, பத்துக்கு எத்தனை? என்றான். என்னது? என்றாள் அவள், அவனை மாதிரியே. வலி, பத்துக்கு எத்தனைன்னேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும். சீட்டுக்கடியில் கம்பியைப் பிடித்திருந்த கை விட்டது. அது மேலே வருவது அவனுக்கு முதுகில் தெரிந்தது. இடுப்பில் நின்றது, மூச்சு வாங்கியது, விலாவில் நின்றது, சட்டையைப் பிடித்து ஏறியது, கடைசியில் அவன் தோளில் வந்து விழுந்தது, ஜெல் வாசனையோடு. நாலு என்றாள், காதோடு. அந்தப் பெரியகுளத்துக் குரல். நாலு. தெளிவாகக் கேட்டது. அவன் தலையை ஆட்டினான். அந்தப் பையனுக்கு இன்றைக்குச் சொன்னது எத்தனை? நாலரையா, அஞ்சா? இதே நாலா? அவனுக்கு முதலில் சொன்னதைத்தான் எனக்கும் சொல்கிறாளா? அவள் கை தோளில் கொஞ்சம் அழுந்தியது. உங்களுக்கு எத்தனை? என்றாள் அதே குரலில். எனக்கென்ன வலி என்றான். இத்தனை நாளா மூஞ்சி அப்படித்தான இருக்கு, சொல்லுங்க, பத்துக்கு எத்தனை? சுருளிச்சாமி முன்னால் திரும்பினான். ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

"ஒண்ணுமில்ல!" என்று கத்தினான். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.